கலைமணி ஓட்டிய வண்டி

புதுச்சத்திரத்தைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளில் கலைமணி என்று பெயர் சொல்லிக் கேட்டால் ஆட்கள் சற்று யோசிப்பார்கள். ‘முட்டை வண்டி ஓட்டுற அம்மா’ என்றால் உடனே கை நீட்டி வழி காட்டுவார்கள். காலையில் பாலசுந்தரத்தின் பண்ணையில் முட்டை ஏற்றிக்கொண்டு சேலம் நெடுஞ்சாலையில் ஏறுவாள். வழிநெடுக மளிகைக் கடை, பேக்கரி, பரோட்டாக் கடை என்று இறக்கிக்கொண்டே போய், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் கடைசித் தட்டுகளைக் கொடுத்துவிட்டு, மதியச் சோற்றுக்கு வீடு திரும்புவாள். பல வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு.

அந்தப் பிக்கப் வண்டி அவள் பெயரில்தான் இருந்தது. ஆனால் அவளுக்காக வாங்கியதில்லை. கணவன் சென்னிமலை கேஸ் டேங்கர் ஓட்டுகிறவன்; மாதத்தில் பாதி நாள் ஆந்திரா, மீதி நாள் கர்நாடகா. ரோட்டில் கிடந்தது போதும் என்று ஒருநாள் முடிவுசெய்து, மனைவி பெயரில் லோன் போட்டு வண்டியை எடுத்தான். உள்ளூர் ஓட்டம், இரவில் வீட்டுச் சாப்பாடு என்பது அவன் கனவு. ஒரு மாதம் தாங்கினான். ஆடாத கட்டிலில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. பழைய முதலாளி போனில் கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். வண்டி வாசலில் நின்றது. அதன் அடியில் பக்கத்து வீட்டுக் கோழி வந்து படுத்துக்கொண்டது.

சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்தாள். முதலில் வந்தவன் சொந்தக்காரர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு கிடாவெட்டுக்குப் போய்வந்தான். அடுத்தவன் செங்கல் லோடு அடித்துப் பழகியவன். முட்டையையும் செங்கல்லாகவே நினைத்தான். உடைந்த தட்டுகளைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது ஆளைத் தேடுவதைவிட ராசிபுரத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்வது எளிது என்று கலைமணிக்குத் தோன்றியது. அதைத் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. வேறு வழியில்லாமல் ஒருவர் செய்த காரியத்துக்கு, பிறகு வருகிறவர்கள்தான் அப்படியெல்லாம் பெயர் வைக்கிறார்கள்.

ஆரம்பத்தில் பண்ணை ஆட்கள் அவளைச் சும்மா விடவில்லை.

“அம்மணி, ரிவர்ஸ் நாங்க எடுத்துத் தரட்டுங்களா?”

“எடுத்துக் குடு சாமி. அப்படியே சேலம் வரைக்கும் ரிவர்ஸ்லயே போயி முட்டையையும் குடுத்துட்டு வந்திரு. நான் ஊட்ல போயி சித்த படுக்கறேன்.”

கொஞ்ச நாளில் அவர்கள் பேச்சு ஓய்ந்தது. அவள் ஓட்டுவதில் பார்க்கும்படியாக எதுவும் இல்லை என்பதே காரணம். முட்டை ஏற்றியவருக்கு பிரேக் என்பது கடைசியாக நினைக்க வேண்டிய பொருள். முன்னால் போகிற பஸ் எங்கே நிற்கப் போகிறது, எந்த டீக்கடையிலிருந்து எவன் வண்டியைத் திருப்பப் போகிறான் என்று தூரத்திலேயே பார்த்து, காலை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அவசரம் இருக்கிறவர்களுக்கு அந்தத் தொழில் சரிப்படாது. கலைமணிக்குச் சரிப்பட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் அந்தச் சில மணி நேரம் மட்டும் யாரும் அவளை எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அந்த நேரம் அவளுக்கு வீட்டைவிடப் பிடித்திருந்தது. இதை அவள் வெளியே சொன்னதில்லை.

ஆண்டுதோறும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மட்டும் வீட்டில் ஒரு சண்டை வரும்.

“லோக்கல்ல ஓடற வண்டிக்கு எதுக்கு புள்ள ஃபுல் இன்சூரன்சு?” என்பான் சென்னிமலை. “தேர்டு பார்ட்டி போதும். நீ யாரையாச்சும் இடிச்சா அவனுக்குக் குடுப்பாங்க. நீ எங்க இடிக்கப் போற, நீ ஓட்டற வெசைக்கு?”

“நாம இடிக்காட்டி என்னங்க, எவனாச்சும் நம்மள இடிச்சா? இல்லீனா வண்டி கவுந்தா? உங்க டேங்கருக்கு மொதலாளி இருக்காரு. என்ற வண்டிக்கு யாருங்க இருக்கா?”

அப்படிப் பிடிவாதமாகச் சரக்கு வண்டிக்கான முழு இன்சூரன்ஸ்தான் போட்டு வந்தாள். பாலசுந்தரத்தின் பண்ணையிலேயே ஒருவர் வாடகைக்கு ஓட்டும் வண்டியைச் சொந்த உபயோகம் என்று காட்டி, குறைவாகக் கட்டி, விபத்து என்று வந்தபோது வெறுங்கையோடு நின்றதை அவள் பார்த்திருந்தாள். அந்த வழிக்கே போகவில்லை.

ஆனால் சென்னிமலை அந்தச் சண்டையில் கடைசியாக ஒன்று சொல்வான். அதோடு அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.

“நீ எந்த இன்சூரன்ஸ் போட்டாலும் ஒண்ணுதான். உன்கிட்ட இருக்கறது கார் லைசென்சு. பேட்ஜ் கெடையாது. மஞ்ச நம்பர் போர்டு போட்ட சரக்கு வண்டிய பேட்ஜ் இல்லாத ஆளு ஓட்டி ஒண்ணு ஆச்சுன்னா, கம்பெனிக்காரன் கைய விரிச்சுருவான்.”

பேட்ஜ் என்பது வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களின் லைசென்ஸில் தனியாகப் போட்டுத் தரும் அனுமதி. நாமக்கல் லாரி உலகத்தில் அது இருந்தால்தான் டிரைவர். இல்லாவிட்டால் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த ஆள், அவ்வளவுதான். எடுத்துவிடலாம் என்று வருஷா வருஷம் நினைப்பாள். அதற்கு அலைய வேண்டும், ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அடுத்த மாதம் பார்ப்போம் என்று போய்விடும். பல்லில் சிக்கிய நார் போல அந்தப் பயம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

விபத்து ஐப்பசி மாதத்தில் நடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஆண்டகளூர் கேட்டைத் தாண்டியதும் சாலை நேராக ஓடும். இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். வலது பக்கம் ஒரு டிரெய்லர் லாரி அவளை ஒட்டியே ஏறி வந்துகொண்டிருந்தது. அப்போது எதிரே, வரக்கூடாத பக்கத்தில், ஓரத்தை அணைத்தபடி ஒரு மொபெட் வந்தது. ஓட்டி வந்தவன் மழைக்குத் தலையைக் குனிந்திருந்தான். முன்னால் நின்றுகொண்டு வந்த சிறுமி தலையில் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தாள்.

கலைமணி பார்த்தது அந்தப் பையைத்தான். வலது பக்கம் லாரி. நேராகப் போனால் பிள்ளை. ஈரத்தில் பிரேக்கை மிதித்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. இடது பக்கம் மண்ணும், அதற்கப்பால் பள்ளமும் இருந்தன. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். வண்டி மண்ணில் இறங்கி, ஒரு கணம் நின்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக, சலிப்போடு புரண்டு படுக்கிற மாட்டைப் போல, பள்ளத்தில் சாய்ந்தது.

முதலில் அவளுக்குக் கேட்டது முட்டைகள் உடைகிற சத்தம். அது பெரிய சத்தமில்லை. மழை சற்று வலுத்தது போலத்தான் இருந்தது.

சீட் பெல்ட்டில் தொங்கியவளை மேலே பார்த்துக் கிடந்த டிரைவர் பக்கத்துக் கதவு வழியாக இழுத்துப் போட்டார்கள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மொபெட்காரன் வண்டியை நிறுத்திவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றான். “அக்கா, யூ டர்ன் ரொம்ப தூரமுங்க, அதானுங்க…” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யாரோ அவனை அடிக்கக் கை ஓங்கினார்கள். சிறுமி அழத் தொடங்கியதும் ஓங்கிய கை இறங்கிவிட்டது. “போ சாமி, புள்ளைய நனையாம கூட்டிட்டுப் போ” என்றாள் கலைமணி. அவளுக்கு அப்போது கோபம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வந்தது.

ஓரமெல்லாம் மஞ்சளாக ஓடியது. இரண்டு சக்கர வண்டிகள் வழுக்கிவிடும் என்று பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து ஆட்கள் சாம்பல் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு பெண் வாளியோடு வந்து, தயங்கி நின்று, “உடையாதது கெடந்தா எடுத்துத் தட்டுல அடுக்கித் தரட்டுங்களா?” என்று கேட்டாள். கேட்டபடியே அடுக்கியும் தந்தாள். தனக்கென்று விரிசல் விட்டதை மட்டும் வாளியில் போட்டுக்கொண்டாள். பாலசுந்தரம் போனில், “கோழி நாளைக்கும் முட்ட வெக்கும் அம்மணி, நீ மொதல்ல ஆஸ்பத்திரி போ” என்றார். முட்டை நஷ்டத்தை அவர் பெரிதாக்கவில்லை. மீதி இருந்தது வண்டிதான். முன்பக்கம் நசுங்கி, ஒரு பக்கக் கதவு மடங்கி, அச்சு வளைந்து கிடந்தது. அதைச் சொந்தக் காசில் நிமிர்த்த அவளால் முடியாது. இன்சூரன்ஸ் வராவிட்டால் அந்த வண்டி அங்கேயே முடிந்தது. வண்டி முடிந்தால் அவள் பழையபடி பண்ணையில் முட்டை பொறுக்கப் போக வேண்டியதுதான்.

கொழுந்தன் அறிவு பைக்கில் பறந்து வந்தான். சென்னிமலையின் தம்பி, பேட்ஜ் வாங்கி டெம்போ ஓட்டுகிறவன். ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். வந்ததும் அண்ணியின் முழங்கையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், பிறகு அவளைத் தனியே கூப்பிட்டான்.

“அண்ணி, நீங்க ஓட்டலைங்க.”

“என்ன தம்பி சொல்ற?”

“நான் ஓட்டுனேன். நீங்க பக்கத்துல உக்காந்துட்டு வந்தீங்க. பேட்ஜ் என்கிட்ட இருக்குது. அண்ணன்கிட்டயும் பேசிட்டேன். இப்பவே கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிர்றேன்.”

லாரி வட்டாரத்தில் இது புதிதில்லை. வண்டியை ஓட்டியவர் ஒருவர், காகிதத்தில் ஓட்டியவர் இன்னொருவர் என்பதை அங்கே பொய் என்றே நினைப்பதில்லை. செய்ய வேண்டிய வேலைகளில் அதுவும் ஒன்று. நசுங்கிய வண்டியைப் பார்த்தபடி கலைமணி தலையை ஆட்டினாள். அறிவு போன் போட்டான்.

வண்டி ராசிபுரத்தில் மணியனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும் வரைக்கும் கை வைக்கக் கூடாது என்றார்கள். காத்திருந்த அந்த நாட்களில் அறிவு விபத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினான். வீட்டுக்கு யார் வந்தாலும் சொன்னான். ஒத்திகை என்றுதான் ஆரம்பித்தான். முதல் நாள் மொபெட் மட்டும் வந்தது. மறுநாள் பின்னால் ஒரு ஆம்னி பஸ் சேர்ந்தது. மூன்றாம் நாள், “ஒரே அமுக்கு, ஒரே ஒடி. என்னைய மாதிரி எட்டு வருஷம் ஓட்டுனவனா இருக்கக்கண்டு ஆச்சு. இதே அண்ணி ஓட்டியிருந்தா அந்தப் புள்ள போயிருக்கும்” என்றான்.

கலைமணி கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். கதை சொல்கிற வேகத்தில் தன்னையே மறந்துவிட்டான். ஆனாலும் அந்த வாக்கியம் அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வண்டி தன் பெயரில் இருப்பதை அவள் என்றைக்குமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெயரை இன்று எழுதலாம், நாளைக்கு மாற்றலாம். மழைக்குள் அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்துவிட்டு இடது பக்கம் ஒடித்த அந்தக் கணம் அப்படிப்பட்டதில்லை. அதற்கு இன்னொருவரைக் காட்ட முடியுமா? அவள் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் முடிவெடுத்த தருணங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றை எடுத்துக் கொழுந்தனுக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்தால்தான் வண்டி திரும்பும். இதில் நியாயம் பார்க்க இடமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

சர்வேயர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். சந்திரசேகர் என்று பெயர், சேலத்துக்காரர். கலைமணி வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் டார்ச் லைட்டும் டேப்பும் வைத்திருந்தார். அதிகம் பேசவில்லை. வண்டியைச் சுற்றி வந்து படம் எடுத்தார். அச்சைக் குனிந்து பார்த்தார். மணியனிடம் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, “யாருங்க ஓட்டுனது?” என்றார்.

“நானுங்க சார்,” என்று அறிவு முன்னால் வந்து ஆரம்பித்தான். மொபெட் வந்தது, லாரி வந்தது, ஆம்னி பஸ்ஸும் வந்துவிட்டது. சர்வேயர் கேட்டுக்கொண்டே டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார்.

சீட் முன்னால் இழுக்க முடிந்த அளவுக்கு இழுத்து விட்டிருந்தது. அதன் மேல் நாலாய் மடித்துத் தைத்து, கயிற்றால் கட்டிய ஒரு பழைய சேலை மெத்தை. சாய்வதற்கு இன்னொரு தலையணை. கண்ணாடி கீழ்நோக்கித் திருப்பியிருந்தது. பெடலுக்குப் பக்கத்தில் உருண்டு கிடந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாதி தீர்ந்த நிலக்கடலை உருண்டை.

சர்வேயர் சீட்டைப் பார்த்தார். பிறகு அறிவை, கால் முதல் தலை வரைக்கும், அவசரப்படாமல் பார்த்தார்.

“தம்பி, முழங்கால எங்கீங்க வெச்சிருந்தீங்க?”

மணியன் பின்பக்கம் திரும்பி ஸ்பானர் தேட ஆரம்பித்தான். அவன் தோள் குலுங்கியது. அறிவு சீட்டை எட்டிப் பார்த்தான்.

“அது… பழக்கமுங்க சார். மடக்கி உக்காந்துக்குவனுங்க.”

“அப்படீங்களா,” என்றார் சர்வேயர். கோபப்படவில்லை. டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். “காலைல டீ குடிக்காம கெளம்பிட்டேன். முக்குக் கடை வரைக்கும் போயிட்டு வாரேன். நீங்க பேசி முடிங்க. வந்து ஸ்டேட்மெண்ட் எழுதிக்கலாம். எழுதி கையெழுத்துப் போட்டா பொறவு மாத்த முடியாது, பாத்துக்குங்க.”

அவர் போனதும் அறிவு தலையில் அடித்துக்கொண்டான். “அட கெரகமே! சீட்ட பின்னால தள்ளி வெக்காம உட்டுட்டனே. மணியண்ணா, நீயாச்சும் சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருப்பேன். நீ இத்தன ஒசரமா வளந்திருக்கறத நானே இன்னைக்குத்தான் கவனிச்சேன்.”

கலைமணி சென்னிமலைக்குப் போன் போட்டாள். அவன் எங்கோ ஆந்திராவில் லோடுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

“எதையும் மாத்திச் சொல்லாதே புள்ள,” என்றான். “அறிவு ஓட்டுனான்னே சொல்லிருங்க. இப்பப் போயி நீ ஓட்டுனேன்னு சொன்னா, பேட்ஜ் இல்லாததும் தெரிஞ்சுரும், பொய் சொன்ன மாதிரியும் ஆயிரும். வண்டிய மறந்துர வேண்டியதுதான்.”

“மறந்துருவோங்க,” என்றாள் கலைமணி.

“என்ன சொல்ற?”

“வண்டி போனா போகுதுங்க. முட்ட பொறுக்கறது எனக்குத் தெரியாத சோலியா? ஆனா அந்தப் புள்ளைய காப்பாத்த வண்டிய ஒடிச்சது நானுங்க. அதையும் போயி இன்னொருத்தரு பேருல எழுதிக் குடுத்துட்டு, அந்த வண்டிய நான் என்னன்னு ஓட்டுவேன்?”

“உன்ற இஷ்டம்” என்று சென்னிமலை வைத்துவிட்டான். கோபமா சம்மதமா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

சர்வேயர் திரும்பி வந்து ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். கலைமணி நின்றபடியே சொன்னாள்.

“சார், நான்தானுங்க ஓட்டுனேன். தம்பி ஊட்ல இருந்தாரு. என்கிட்ட கார் லைசென்சுதான் இருக்குது, பேட்ஜ் இல்லீங்க. அந்தப் பயத்துல போன்ல மாத்திச் சொல்லிட்டோம். இன்சூரன்ஸ் பணம் கெடைக்காதுன்னு தெரியுமுங்க. இருந்தாலும் நான் ஓட்டுனதுதான் நெசம்.”

“லைசென்ஸ் காட்டுங்க.”

கொடுத்தாள். அவர் வாங்கி, தேதியைப் பார்த்து, திருப்பிப் பார்த்து, திரும்பவும் முன்பக்கம் பார்த்தார்.

“லைசென்சு உயிரோடதானே இருக்குது. இதுக்கு எதுக்குங்க பேட்ஜ்?”

கலைமணிக்குப் புரியவில்லை.

“இலகு ரக வண்டிக்கு, அதான் இந்தக் கார் லைசென்ஸ் இருந்தா, மொத்த எடை ஏழாயிரத்து ஐநூறு கிலோவுக்கு உள்ள இருக்கற சரக்கு வண்டியையும் ஓட்டலாமுங்க. தனியா பேட்ஜ் வேண்டியதில்ல. சுப்ரீம் கோர்ட்டுல அஞ்சு நீதிபதிங்க உக்காந்து தீர்ப்பே சொல்லியாச்சு. உங்க பிக்கப், லோடோட சேத்து எட போட்டாலும் அதுல பாதி வராது.”

“நெசமாவாங்க?” என்று கேட்டது அறிவு.

“பின்ன, நான் எதுக்குங்க ராசிபுரம் வரைக்கும் வந்து பொய் சொல்றேன்? பொய் நீங்கதான் தயார் பண்ணி வெச்சிருந்தீங்க. அதுவும் தேவையில்லாத பொய். அவரு பேர எழுதிக் கையெழுத்து போட்டு, அந்த சீட்டு போட்டோவும் கூடப் போயிருந்தா, கம்பெனி உங்க மனுவ லைசென்ஸ பாத்துத் தள்ளியிருக்காது. பொய்யப் பாத்துத் தள்ளியிருக்கும்.”

“எங்க ஊட்டுக்காரரு லாரி ஓட்டறவரு, அவருதானுங்க…”

“அவரு சொல்றது அவரு வண்டிக்குச் சரிங்க. டேங்கருக்குத் தனி அனுமதி, பயிற்சி எல்லாம் வேணும்தான். அத உங்க முட்ட வண்டிக்கும் சேத்துச் சொல்லிட்டாரு.”

ஒரு இடத்தில் சரியாக இருக்கும் விதியை மனிதர்கள் அடுத்த இடத்துக்கும் சுமந்துகொண்டு போய்விடுகிறார்கள். அங்கே யாரும் கேட்காத ஒன்றுக்காகப் பயந்துகொண்டே இருக்கிறார்கள். கலைமணி வருஷக்கணக்காக நெடுஞ்சாலையில் காக்கிச் சட்டையைப் பார்த்தாலே வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கியிருக்கிறாள். சேலத்துக்குப் போய்வந்த ஒவ்வொரு ஓட்டத்திலும் திருட்டுத்தனமாக எதையோ செய்கிற மாதிரி ஒரு கூச்சம் கூடவே வந்திருக்கிறது. அதெல்லாம் ஒன்றுமே இல்லையா? சிரிப்பதா, யாரையாவது திட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மணியன் நகர்த்திப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

“போன்ல சொன்னது?” என்று கேட்டாள்.

“பேர தப்பாச் சொல்லிட்டோம்னு அதையும் சேத்து எழுதுங்க, மறைக்காம. கடைசி முடிவு கம்பெனியோடதுதான். ஆனா லைசென்சுல கொற ஒண்ணுமில்லன்னு நான் எழுதிருவேன். வேற தடை எதுவும் என் கண்ணுக்குத் தெரியல.” அவர் காகிதத்தை அவளிடம் நீட்டினார். “நடந்தத உங்க வார்த்தையில எழுதுங்க. ஆம்னி பஸ் வேண்டாம்.”

எழுதி முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. ‘வாகனத்தை ஓட்டியவர்’ என்ற இடத்தில் கலைமணி என்று எழுதியபோது கொஞ்சம் அழுத்திவிட்டாள். பேனா காகிதத்தைக் கீறியது. சர்வேயர் படித்துப் பார்த்தார். பாராட்டெல்லாம் சொல்லவில்லை. “பிரேக் போட்டிருந்தா லோடு முன்னாடி தள்ளி நேரா மொபெட் மேல போயிருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மணியனிடம் திரும்பி, “ஆளப் போட்டு வேலைய ஆரம்பிங்க. அச்சு புதுசுதான் போடணும்” என்றார்.

ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று சென்னிமலைக்குச் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு, “அப்ப நான் வெச்சிருக்கற பேட்ஜ என்ன பண்றது?” என்றான்.

“டேங்கருக்கு வேணுமாமுங்க. பத்திரமா வெச்சுக்குங்க.”

அவன் சிரித்தான். வரிசையில் நின்ற மற்ற டிரைவர்களிடம் சத்தமாக எதையோ சொல்வது கேட்டது. “என்ற பொண்டாட்டி” என்ற சொல் மட்டும் அவளுக்குத் தெளிவாக வந்து சேர்ந்தது.

அறிவு பைக்கைக் கிளப்பாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அண்ணியைவிட அவன் முகம்தான் அதிகம் தெளிந்திருந்தது.

“என்ன தம்பி, உனக்கு என்னாச்சு?”

“ஒண்ணுமில்லீங்க அண்ணி. ஸ்கூல் பஸ் டிரைவர் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. ஆக்சிடெண்ட் எதுவும் பண்ணாத ஆளாத்தான் எடுப்பாங்களாம்.”

கலைமணி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாள் ஊரெல்லாம் மார் தட்டிச் சொன்ன கதைக்குள் இவ்வளவு பெரிய விஷயத்தை ஒளித்து வைத்திருந்திருக்கிறான்.

“இத ஏன்டா சொல்லல?”

“சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க. அப்புறம் வண்டி போயிரும்.” பைக்கில் ஏறி உட்கார்ந்தான். “இப்பத்தான் மூச்சு வருதுங்க. மூணு நாளா சோறு எறங்கல.”

“மூணு நாளா நாலு தட்டு தின்னியே?”

“கவலைலீங்க.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் ஏறிக்கொண்டாள். ஊர் முடிந்து காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்ததும் அறிவு தலையைப் பாதி திருப்பினான்.

“அண்ணி, நெசமா என்னங்க நடந்துச்சு? அந்த நேரத்துல உங்களுக்குப் பயமா இல்லீங்களா?”

இத்தனை நாளில் அதை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. “மொதல்ல நீ ரோட்டப் பாத்து ஓட்டு” என்றாள். பிறகு அவன் தோளுக்குப் பக்கம் குனிந்து, காற்றுக்கு மேலே குரலை உயர்த்தி, மழை தூற ஆரம்பித்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். அறிவு வேகத்தைக் குறைத்தான். ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.